பெட்ரோல் வரி வழக்கில் மாகாண உரிமையை நிலைநாட்டிய நீதிபதி எம்.ஆர்.ஜெயகர்

புனே: முளா, பவனா ஆறுகள் கூடும் தாபோடியில் 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய் மாகாண ஆளுநரின் மாளிகை இருந்தது. பின்னர் அது அருகிலுள்ள கணேஷ்கிண்டுக்கு மாறியது. சுதந்திரத்துக்குப் பின் கணேஷ்கிண்டு மாளிகை புனே பல்கலைக்கழகமானது. அதன் முதல் துணைவேந்தராக 1948-இல் பொறுப்பேற்றவர், கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளுள் ஒருவரான முகுந்த் ராம்ராவ் ஜெயகர்.

1873 நவம்பர் 13-இல் பிறந்த ஜெயகர், 1905-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலையை விசாரித்த காங்கிரஸ் குழுவில் காந்தியடிகளுடன் பணியாற்றினார். 1927-இல் அமைந்த சாலை மேம்பாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கி, பெட்ரோல் மீது கூடுதல் வரி விதித்து அத்தொகையைச் சாலைகளுக்குச் செலவிடப் பரிந்துரைத்தார். தேஜ் பகதூர் சாப்ருவுடன் இணைந்து, காங்கிரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே சமரசம் காண முயன்றார்.

1937 அக்டோபர் 1-இல் டெல்லியில் கூட்டாட்சி நீதிமன்றம் தொடங்கியது. தலைமை நீதிபதி மாரிஸ் குவையர், ஷா முகமது சுலைமான், ஜெயகர் ஆகிய மூவரே அதன் நீதிபதிகள். மத்திய மாகாண அரசு பெட்ரோல் விற்பனைக்கு வரி விதித்தபோது, அது மத்திய அரசுக்கு மட்டுமே உரிய கலால் வரி என ஆட்சேபம் எழுந்தது. உற்பத்தி மீதான வரி வேறு, விற்பனை மீதான வரி வேறு என்று பிரித்துக் கண்ட நீதிமன்றம், மாகாணச் சட்டம் செல்லும் என 1938-இல் கருத்துரைத்தது. பெட்ரோல் விற்பனை வரியை இன்றும் மாநிலங்களே விதிக்கின்றன.

1939-இல் லண்டன் பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவுக்கு ஜெயகர் சென்றார். கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவரது இடத்துக்குச் சென்னையின் எஸ்.வரதாச்சாரியார் வந்தார்.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிந்தார். முஸ்லிம் லீக்கும் சமஸ்தானங்களும் பங்கேற்கும்வரை அதை ஒத்திவைக்க வேண்டும் என்று ஜெயகர் திருத்தம் கொண்டுவந்தார். கடும் எதிர்ப்பு எழுந்தும் அவர் தம் நிலையில் நின்றார். வாக்கெடுப்பு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. லீக் அப்போதும் வரவில்லை. 1947 ஜனவரி 22-இல் தீர்மானம் நிறைவேறியது.

1956 வரை துணைவேந்தராக இருந்த ஜெயகர், 1959 மார்ச் 10-இல் காலமானார். அப்பல்கலைக்கழகத்தின் நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.