மீகாமக் கலை வகுத்த நார்பர்ட் வீனர்

பழனி வட்டத்துக் கீரனூர் முதலிய ஊர்களில் கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழும் உழவருட் சிலர், இந்நாளில் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியால் தோட்டத்து மோட்டாரை ஓட்டுகின்றனர். வசதி பெரிதே. ஆயினும், கிணற்றில் நீர் வற்றியதை உணர்ந்து தானே நிற்கச் செய்யும் கருவி உடன் பொருத்தப்படாவிடின், மோட்டார் வெறிதே ஓடிச் சூடேறிக் காயில் கருகிப் போகின்றது. ஏவல் தவறாது சென்றது. அதன் விளைவைப் பற்றிய செய்தி மாத்திரம் திரும்பி வரவில்லை. ஏவலுக்கும் விளைவறிதலுக்கும் உள்ள இத்தொடர்பையே ஒரு தனிக் கலையாக வகுத்த பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

நார்பர்ட் வீனர், 1894-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரிற் பிறந்தார். தந்தையார் லியோ வீனர் யூத குலத்தவர், பன்மொழிப் புலவர், பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிப் பேராசிரியராக விளங்கியவர். மைந்தருக்கு அவரே ஆசானாயினார். பிழை நேர்ந்துழி அவர் கொண்ட சினம் கொடிது. எட்டாம் வயதிற் கண்பார்வை குன்றியமையால், சில திங்கள் புத்தகத்தைத் தொடலாகாதென மருத்துவர் விலக்கினர். அப்போதும் கல்வி நிற்கவில்லை. மனத்தினாற் கணக்கிடும் ஆற்றலைச் சிறுவர் பெற்றார். 11-ஆம் வயதில் டஃப்ட்ஸ் கல்லூரியிற் புகுந்து, 1909-இல் தம் 14-ஆம் வயதிற் பட்டம் பெற்றார். 1913-இல் 18 வயதினராய் ஹார்வர்டில் முனைவர் பட்டமும் எய்தினார். ஆனால் மைந்தரின் வெற்றியெல்லாம் தம் பயிற்சியின் பயனே என்று தந்தையார் உலகறியக் கூறியது, அவ்விளைஞரின் உள்ளத்தை நெடுநாள் வருத்திற்று. புகழெய்தும் இளைஞருக்கும் துயருண்டு என்பதை நம் மாணவ நேயர்கள் இதனால் அறிவாராக.

கேம்பிரிட்ஜில் ரஸ்ஸலிடத்தும் கோட்டிங்கனில் ஹில்பர்ட்டிடத்தும் பயின்ற பின்னர், 1919-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் கணித ஆசிரியராய் அமர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போரில் வான்வழி வரும் பகைவிமானத்தைச் சுட்டு வீழ்த்துதல் அரிதாயிற்று. குண்டு மேலே சென்று சேர்வதற்குள் விமானம் வேறிடம் சென்றுவிடும். ஆதலின், அது இனி எங்கே இருக்கும் என்பதை முன்னரே கணித்துச் சுடுதல் வேண்டும். வீனரும் ஜூலியன் பிகலோ என்னும் பொறியியலாளரும் இதற்கொரு கருவியை ஆய்ந்தனர். அக்கருவி போர்க்களத்திற் பயன்படவில்லை. எனினும் அவ்வாராய்ச்சியினின்று ஓர் உண்மை தெளிந்தது. செய்த செயலின் விளைவை உடனுக்குடன் அறிந்து, குறிக்கும் விளைவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு திருத்திக்கொள்வதே நோக்கமுடைய செயலின் இயல்பாம். இதனைப் பின்னூட்டம் என்பர். நாம் நீர்க்குவளையை எடுக்கக் கை நீட்டுங்கால் நிகழ்வதும் இதுவே. அத்திருத்தம் அளவு கடப்பினும் தீங்காம். மூளையின் ஒருபகுதி பழுதுற்ற நோயாளியின் கை, பொருளைத் தாண்டிச் சென்றும் மீண்டும் நடுங்கித் தடுமாறும். இக்கருத்தை வீனரும் பிகலோவும், மெக்சிகோ நாட்டு மருத்துவ அறிஞர் ரோசன்புளூத்துடன் கூடி 1943-இல் வெளியிட்டனர்.

1948-இல் வெளிவந்த நூலில் வீனர் இக்கலைக்குச் சைபர்நெட்டிக்ஸ் எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் கூபர்நேட்டிஸ் என்பது கப்பலின் சுக்கான் பிடிக்கும் மீகாமனைக் குறிப்பது. காற்றையும் நீரோட்டத்தையும் கப்பலின் போக்கையும் இடையறாது நோக்கிச் சுக்கானைத் திருப்புகின்றவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு திருப்புகின்றவன் மீகாமனல்லன்.

அறிவோடு அறமும் அவர்பால் ஒருங்கே விளங்கிற்று. ஏவுகணை ஆய்வுக்காகத் தம் போர்க்காலக் கட்டுரையைக் கேட்டோர்க்குத் தர மறுத்து, அம்மறுப்பை 1947-இல் வெளிப்படையாக அறிவித்தார். தானியங்கிப் பொறிகளால் தொழிலாளர் வேலையிழப்பர் என அஞ்சி, 1949-இல் தொழிற்சங்கத் தலைவர் வால்ட்டர் ரூத்தருக்கு எழுதி எச்சரித்தார். 1955-இல் நம் நாட்டிற்கு வந்து, கல்கத்தாவில் மகலனோபிசு நிறுவிய புள்ளியியற் கழகத்தில் சில திங்கள் தங்கிக் கற்பித்தார்.

1960-இல் அவர் எழுதிய கட்டுரையொன்று இந்நாளில் நாம் பன்முறை எண்ணத்தக்கது. பொறி நம்மினும் விரைந்து இயங்குமாயின், தவறுணர்ந்து நிறுத்த முயல்வதற்குள் காரியம் முடிந்துவிடும்; ஆதலின் நாம் அதற்கிடும் நோக்கம் நாம் உண்மையில் விழைவதுதானா என முன்னரே தேர்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. கேட்டதைக் கேட்டவாறே தந்து கேடு விளைக்கும் வரம் எத்தகையதென்பதைப் பஸ்மாசுரன் கதை கேட்ட நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வீனர் 1964 மார்ச்சு 18-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில் உயிர் நீத்தார். அவர் மறைந்து ஐம்பதாண்டுகள் சென்றபின், 2014-இல் கூகுள் நிறுவனம் மேகக் கணிமையின் எண்ணிறந்த கணிப்பொறிகளை ஆளும் மென்பொருளொன்றை வெளியிட்டு, அதற்குக் குபர்நெட்டீஸ் எனப் பெயர் சூட்டியது. அதுவும் அம்மீகாமன் பெயரே. இருக்க வேண்டிய நிலையையும் இருக்கும் நிலையையும் ஓயாது ஒப்பிட்டுக் குறையை நிரப்புவதே அதன் தொழில். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொதுநெறியை வெளியிட்டபின், செயற்கை அறிவுத் துணைவர்களை இத்தகைய ஆளுகைக் கருவிகளோடு பிணைப்பது எளிதாயிற்று. மாந்தர் தம் மொழியில் ஒன்று சொல்ல, துணைவன் பொறிகளை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாகின்றது.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் தகும். 2017 பிப்ரவரி 28-ஆம் நாள், அமேசான் நிறுவனத்தின் வர்ஜீனியா மையத்தில் ஊழியரொருவர் இட்ட கட்டளையில் ஓருறுப்புப் பிழைத்தமையால், கருதியதினும் மிகுதியான கணிப்பொறிகள் நீக்கப்பட்டன. பல்லாயிரம் இணையதளங்கள் சில மணி நேரம் முடங்கின. அதன்பின், கணிப்பொறிகளை மெல்ல நீக்கவும், குறைந்தபட்ச அளவிற்குக் கீழே செல்லாது நிற்கவும் அக்கருவி திருத்தப்பட்டது. கீரனூர் உழவர் மோட்டாருக்குப் பொருத்தும் காவற்கருவியின் முறையும் இதுவன்றோ?

பிழை செய்தது மனிதக் கையேயாயினும், நாளை அக்கையினிடத்தில் செயற்கை அறிவு நிற்கும்போது வேகம் மிகும். காவலும் அதற்கேற்ப மிகுதல் வேண்டும். துணைவன் முதலிற் பார்க்க மாத்திரம் உரிமை பெறுக. அழிக்கும் செயலுக்கு மாந்தர் இசைவு கட்டாயமாகுக. செய்தவையெல்லாம் பதிவேட்டில் நிற்க. புதுமையை அஞ்சி விலக்கச் சொல்லுகின்றோமல்லோம். நம் கல்லூரியினின்று இத்துறைக்குச் செல்லும் இளைஞர் ஒவ்வொருவரும், சுக்கானைப் பிறிதொன்றின் கையிற் கொடுப்பினும் கடலினின்று கண்ணெடாத மீகாமராய் விளங்குதல் வேண்டும் என்பதே எம் விழைவு. வீனர் பெருந்தகையின் வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுவே.