செக்கிழுத்த செம்மல் சிதம்பரனார்



எள்ளை ஆட்டி நல்லெண்ணெய் எடுக்கும் மரச்செக்கினை எருது சுற்றிச் சுற்றி இழுப்பதை ஊரிலே பெற்றோருட் பலர் கண்டிருப்பர். இந்நாட்டிற் பிறந்த பிள்ளைகள் கண்டிரார். அவ்வெருதின் இடத்தில், சட்டங் கற்ற பெருமகன் ஒருவர் பூட்டப்பட்ட வரலாற்றை அவர்களும் அறிதல் வேண்டும்.

வ. உ. சிதம்பரம்பிள்ளை 1872 செப்டெம்பர் 5 ஆம் நாள் ஒட்டப்பிடாரத்திலே, உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கிய அவர், கொழும்புக்கான கப்பற் போக்குவரத்து ஆங்கிலக் கம்பனியின் கையிலே சிக்கியிருத்தலைக் கண்டு வருந்தினார். 1906 இல் 10 இலட்சம் ரூபா மூலதனம் திரட்ட எண்ணிச் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவினார். பங்கு ஒன்றின் விலை 25 ரூபா. எதிர்த்தரப்பினர் கட்டணத்தைக் குறைத்தும் மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர்.

1908 இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கும் அவர் துணைநின்றார். வாணிகத்திலும் ஆலையிலும் இலாபம் குன்றக் கண்ட ஆட்சி பொறுக்குமோ? அவ்வாண்டு மார்ச்சில் அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

கோயம்புத்தூர்ச் சிறையிலே சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றியதால் அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. அதன் பின்னர் செக்கிலே பூட்டினர். அக்காலச் சிறைகள் தண்டனைக் கூடங்களாக மட்டுமன்றித் தொழிற்சாலைகளாகவும் இயங்கின. கைதிகள் ஆக்கிய பொருள்கள் சிறைச்செலவை ஈடுசெய்ய உதவின. கூலி கேட்க இயலாத கைகளும், மறுக்க இயலாத உடலும் மலிவாய்க் கிடைத்தால், கைதியைத் திருத்தும் நோக்கம் பின்தள்ளப்பட்டு, கணக்கேடே முன்னிற்கும்.

அவர் சிறையிலிருக்கையிலேயே, 1911 இல், கப்பற் கம்பனி கலைக்கப்பட்டது. கப்பல் ஒன்று போட்டிக் கம்பனிக்கே விலைபோனது. 1912 டிசெம்பரில் விடுதலையான அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் திரளவில்லை. வழக்கறிஞர் உரிமத்தையும் இழந்திருந்தமையால், சென்னையிலே அரிசியும் நெய்யும் விற்று வாழ்ந்தார். பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமம் மீண்டது. அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். அரசைப் பகைத்தாரன்றி, மனிதரைப் பகைத்தாரல்லர். 1936 நவம்பர் 18 அன்று அவர் மறைந்தார்.

அவர் இழுத்த செக்கு சென்னைக் காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளே, ஒருநாள் அதனைக் காணுங்கால், இழுத்தவரை வணங்குங்கள். வடிந்த எண்ணெயின் பயனைக் கொண்டவர் யார் என்றும் கேளுங்கள்.