மூணாவது தட்டு

வீட்டுல ஒர்க் பெஞ்சுக்கு மேல்பலகை செஞ்சு, வரிசையா ஓட்டை போட்டுப் பார்த்திருக்கீங்களா? பலகை வளைஞ்சிருந்தா டிரில் ஸ்டாண்ட் சாயும், ஓட்டை கோணலா இறங்கும். சரி, பலகை சமமான்னு எதை வெச்சுப் பார்ப்பீங்க? உங்க ஸ்கேலே வளைஞ்சிருந்தா?

இதே கேள்வியோட மல்லுக்கட்டினவர் ஜோசப் விட்வொர்த். ஆமா, லேப்ல நாம பார்க்கிற குவிக் ரிட்டர்ன் மெக்கானிசத்துக்குப் பேர் கொடுத்தவரேதான்.

1803-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். இளைஞரா லண்டன் போய் மாட்ஸ்லே பட்டறையில் வேலை பார்த்தார். இரும்புத் தட்டுகளை அப்போ பொடி போட்டு ஒண்ணோட ஒண்ணு தேய்ப்பாங்க. இவர் சாயம் தடவி, ஒட்டுற மேட்டை மட்டும் சுரண்டினார். ரெண்டு தட்டுன்னா, ஒண்ணு குழியா ஒண்ணு மேடா இருந்தாலும் பொருந்திடும். மூணு தட்டுல எந்த ரெண்டைச் சேர்த்தாலும் பொருந்தினா, மூணுமே சமம். இதை 1840-ல் கிளாஸ்கோவில் கட்டுரையா வாசிச்சார்.

1833-லேயே மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை. 1841-ல் 55 டிகிரி திருகு மரை. 1868-ல் பொறியியல் மாணவர்களுக்கு உதவித்தொகை. 1887-ல் காலமானார்.

சரியான கருவி இல்லைன்னு ப்ராஜெக்ட்டைத் தள்ளிப் போடுறீங்களா? விட்வொர்த் கையிலயும் சரியான தட்டு இல்ல. மூணு தப்பான தட்டுதான் இருந்துச்சு.