ஆய்வேடு இருக்கிறது... கண்ணில் படுகிறதா? எஸ்.ஆர்.ரங்கநாதன் காட்டிய வழி

பொறியியலில் பிஎச்.டி முடிக்க நாலைந்து வருஷம் ஆகிறது. அந்த உழைப்பு ஆய்வேடாகி நூலக அலமாரியில் ஏறுகிறது. அதே தலைப்பில் அடுத்து இறங்குபவரின் கண்ணில் அது படவில்லை என்றால்? செய்த வேலையையே மறுபடி செய்வார். தேடுபவரிடம் நூலைச் சேர்ப்பதற்காகவே வாழ்ந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன்.

யார் இவர்?

1892-ல் பிறந்தவர். கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை பிடிக்கவே இல்லை. சும்மா உட்கார முடியாமல், பழைய வேலையே போதும் என்று கல்லூரிக்குப் போய்க் கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். அந்தப் பயணம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

பொம்மைக் கடையில் என்ன கிடைத்தது?

லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் புதுப்புதுப் பொம்மைகள். ஒரு ஆய்வுத் தலைப்பும் அப்படித்தானே? கடலோரப் பாலத்தின் கம்பி துருப்பிடிப்பது பற்றிய ஆய்வு என்றால் பாலம், கம்பி, துரு, கடலோரம் என நாலு துண்டுகள். இந்த யோசனைதான் 1933-ல் 'கோலன் பகுப்பு முறை' ஆனது. எந்தத் துண்டைப் பிடித்துத் தேடினாலும் நூலுக்கு வந்து சேர, தனி அட்டவணை முறையையும் உருவாக்கினார். 1931-ல் வெளியான அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகளில், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதும் ஒன்று.

இன்றைக்கு என்ன சம்பந்தம்?

1972-ல் பெங்களூருவில் அவர் மறைந்தார். பிஎச்.டி ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று 2009-ல் யுஜிசி விதி வந்தது. 'சோத்கங்கா' தளத்தில் இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். ஷாப்பிங் ஆப்பில் விலை, நிறம், அளவு என ஃபில்டர் போடுகிறோமே, அதுவும் ரங்கநாதன் சொன்ன துண்டு பிரிக்கும் யோசனையின் சாயல்தான்.

ஆனால், பிடிஎஃப் ஏற்றினால் மட்டும் போதாது. தெளிவான தலைப்பு, சுருக்கம், சரியான குறிச்சொற்கள் இல்லாவிட்டால் அதுவும் பூட்டிய அலமாரிதான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது அந்தக் கட்டங்களை நிரப்ப ஒரு மணி நேரம் ஒதுக்கினால், உங்கள் நாலைந்து வருஷ உழைப்பு யாருக்கோ கைகொடுக்கும்.