டாக்டர் பீட்டர் பானூம்

கோடை விடுமுறையில் எம்மூராகிய மணமேல்குடிக்குச் சென்றிருந்த யாம், அண்டை வீட்டுத் தாயொருத்தி, தன் குழவிக்கு ஓர் ஊசி இட்டாயிற்று, மணல்வாரிக்கு இனி அஞ்சவேண்டுவதில்லை என்று அமைந்திருத்தலைக் கண்டோம். அவ்வமைதி தகுமோ என்று ஆராயப் புகுந்தவிடத்து எதிர்ப்பட்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டென்மார்க்கு நாட்டைச் சார்ந்த பார்ன்ஹோம் தீவில் 1820-ஆம் ஆண்டு பிறந்த பீட்டர் லூத்விக் பானூம், 1845-இல் மருத்துவக் கல்வியை முடித்தார். மறு ஆண்டே பெரும்பணி ஒன்று அவரை நாடி வந்தது. கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறிய தச்சர் ஒருவரோடு மணல்வாரியென்னும் தட்டம்மை பாரோத் தீவுகளிற் புகுந்தது. 65 ஆண்டுகளாக அந்நோயைக் கண்டறியாத அத்தீவினர் ஏறத்தாழ 7,800 பேரில், 6,000 பேர் சில திங்களுள் நோயுற்றனர். அரசினர் விடுக்க, இருபத்தாறு வயதும் நிரம்பாத பானூம், மானிக்கஸ் என்னும் மற்றொரு மருத்துவருடன் ஆங்குச் சென்றார். ஊர்தோறும் புகுந்து, யார் எந்நாளில் நோயாளியோடு பழகினார், எந்நாளில் தடிப்பு எழுந்தது என்று வினவிக் குறித்தார்.

தொற்றிய பதினான்காம் நாளையொட்டித் தடிப்புத் தோன்றும் என்றும், நோய் ஆளிடமிருந்தே ஆளுக்குப் பரவும் என்றும் அவர் தெளிந்தார். 1781-இல் அம்மை கண்டு பிழைத்த முதியோருள் அவர் அறிந்தவரையில் ஒருவரும் மீண்டும் நோயுறவில்லை. ஒருமுறை கண்டால் நெடுங்காலம் காப்பு உண்டென்பது இதனால் விளங்கிற்று. பின்னர்க் கீல், கோபன்ஹேகன் சர்வகலாசாலைகளில் ஆசிரியராக விளங்கிய அவர் 1885-இல் காலமானார்.

இயற்கை தரும் அக்காப்பு சிலர் உயிரையே விலையாகக் கொள்வது. 1963 முதல் வழங்கும் தடுப்பூசியோ நோயின்றியே காப்பளிப்பது. ஆயினும் பெரும்பாலோர் ஊசியிட்டுக்கொண்ட ஊர்களிலும் அம்மை தலைகாட்டுவது யாது காரணம்? தாயிடம் பெற்ற எதிர்ப்பொருள் குழவியின் குருதியில் எஞ்சியிருக்குங்கால் இடும் ஊசி சிலரிடத்துப் பயன்படாது. ஒன்பதாம் திங்களில் இடுவது ஏறக்குறைய 100-க்கு 85 பேரையே காக்கும். காப்புப் பெறாதார் தொகை ஆண்டுதோறும் பெருகப் பெருக, நோய் அவர்களைத் தேடிப் பற்றும். மிகத் தாழ்த்தினாலோ, ஊசிக்கு முன்னரே நோய் வந்துவிடும். ஆதலின் நம் நாட்டில் 9 முதல் 12 திங்களுக்குள் ஒன்றும், 16 முதல் 24 திங்களுக்குள் மற்றொன்றும் இடுகின்றனர்.

இவற்றை அத்தாய்க்கு எடுத்துரைத்தோம். இரண்டாம் ஊசியும் இடப்பெற்றது. வீடுதோறும் சென்று வினவிய பானூம் நமக்குக் காட்டிய வழி இதுவேயாம். நண்பர்காள்! விடுமுறையில் நும் ஊர்களிலும் இதனைச் செய்ம்மின்.