இரசவாதியின் மனையை எழுதிய ஓவியர்

செம்பைப் பொன்னாக்கும் இரசவாதம் நம்மவர்க்குப் புதிதன்று. திருப்பூவணத்துப் பொன்னனையாளின் வீட்டுப் பாத்திரங்களை இறைவன் சித்தராய் வந்து பொன்னாக்கியமையைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்திலே பாடியிருக்கின்றார். அப்படலத்தைப் படிப்பிக்குந்தோறும் மேலைத்தேயச் சித்திரம் ஒன்று என் நினைவுக்கு வரும். அதனை எழுதியவர் பீற்றர் புறூகல்.

1525ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த இவர், 1551இல் அந்துவேர்ப்பு நகரத்து ஓவியர் சங்கத்திற் சேர்ந்தார். இத்தாலி சென்று மீண்டபின் கொக்கு என்னும் பதிப்பாளருக்குச் சித்திரங்கள் எழுதிக் கொடுத்தார். அவற்றைப் பிறர் செப்புத் தகட்டிற் செதுக்க, மை தடவி ஒற்றிய தாள்கள் விலைப்பட்டன. இரசவாதியின் சித்திரம் 1558இல் எழுதப்பட்டது; செதுக்கியவர் பிலிப்பு கல்லே.

கந்தலுடுத்த இரசவாதி கடைசி நாணயத்தையும் மூசையில் இடுகின்றான். கோமாளி ஒருவன் துருத்தி ஊதுகின்றான். நடுவிலே மனைவி வெறும் பணப்பையைக் கவிழ்த்துக் காட்டுகின்றாள். பிள்ளைகளோ உணவில்லாத அலுமாரியில் ஏறித் தேடுகின்றனர். ஒரு பிள்ளை சமையற் பானையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டது. பொன்னனையாள் வீட்டுக் கலம் பொன்னாயிற்று. இவ்வீட்டுப் பானை தொப்பியாயிற்று. சாளரத்துக்கு அப்பால் அக்குடும்பமே ஏழையர் விடுதிக்குச் செல்கின்றது. வலப்புறத்தே கற்றவர் ஒருவர் ஏட்டைச் சுட்டி நிற்கின்றார். இரசவாதி என்னும் அந்நாட்டுச் சொல்லே, எல்லாம் குப்பை எனவும் பொருள்படுமாறு அதிற் பிரித்தெழுதப்பட்டுள்ளது. சிலேடை தமிழர்க்கே உரியதென்று இறுமாப்பார் இதனைக் காண்க! நாம் படிப்பிக்கும் சித்தர் பாடல்களிலே வாதம் உண்டு, மருந்துண்டு, ஞானமுண்டு. அடுப்படியில் அன்றைக்கு உலையேறியதா என்ற கேள்வியை எனக்குத் தந்தது இச்சித்திரமே.

பிற்காலத்திற் புறூகல் உழவர் வாழ்வையே பெரிதும் தீட்டினார். 1565இல் எழுதிய அறுவடை ஓவியத்தில், மரநிழலிற் சிலர் உண்கின்றனர்; ஒருவன் கால்பரப்பி உறங்குகின்றான். கண்டாவளை வயல்களில் அருவிவெட்டுக் காலத்து நண்பகலைக் கண்டவர்க்கு அதற்கு விளக்கவுரை வேண்டா.

1563இல் மணம் முடித்துப் பிரசெல்சு நகரிற் குடியேறியவர், 1569இல் அங்கே இறந்தார். தம் கூரிய நையாண்டிச் சித்திரங்கள் சில மனைவிக்கு இடுக்கண் விளைக்குமென அஞ்சி, இறக்குமுன் அவள் கையாலேயே அவற்றை எரிப்பித்தார் என்று 1604இல் அவர் வரலாற்றை எழுதிய வான் மாண்டர் கூறுகின்றார். பிள்ளைகள் இருவரும் அப்போது சிறுவர்; பின்னர் இருவருமே ஓவியராயினர்.