தோட்டத்து டாக்டர் சாமியாரான கதை



சுவாமி சிவானந்தர் என்றதும் இமயமலைச் சாரலும் கங்கைக் கரையும்தான் நம் நினைவுக்கு வரும். அவர் மலாயாத் தோட்ட மண்ணை மிதித்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்னும் ஊரில் 1887 செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் குப்புசாமி. வைத்தியம் படித்த அவர், 1913இல் கப்பலேறி இங்கே வந்தார். சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை. பிறகு ஜொகூரில். மலேரியாக் காய்ச்சல் நம் பாட்டன் பாட்டிமாரை வாரிக்கொண்டு போன காலம் அது. ஏழை நோயாளிக்கு மருந்தோடு தன் கைக்காசையும் கொடுத்தனுப்புவாராம் அந்த டாக்டர்.

நல்ல சம்பளம், வசதி எல்லாம் இருந்தும் மனசு அடங்கவில்லை. உடம்பு நோய்க்கு மருந்துண்டு, மனசு நோய்க்கு என்ன மருந்து என்று தேடினார். 1923இல் எல்லாவற்றையும் உதறிப் புறப்பட்டார். 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். துறவியான பிறகும் வைத்தியத்தை விடவில்லை. 1927இல் லட்சுமண்ஜூலாவில் இலவச மருந்தகம் திறந்தார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார்.

கீதைக்கு அவர் சொன்ன விளக்கம் நமக்கு மிகவும் வேண்டியது. குருட்சேத்திரப் போர் நமக்குள்ளேயே நடக்கிறது என்றார். உடம்புதான் தேர். ஐம்பொறிகள் குதிரைகள். நம் உயிரே அர்ச்சுனன். நெஞ்சில் இருந்து தேர் ஓட்டுபவன் கண்ணன். கண்ணில்லாத திருதராட்டிரன் நம் அறியாமை. கோபம், பேராசை, பொறாமை இவைதாம் எதிரிகள்.

படித்தால் மட்டும் போதாது என்று தினக்கணக்கும் எழுதச் சொன்னார். இன்று எத்தனை பொய் சொன்னேன், எத்தனை தடவை கோபப்பட்டேன் என்று ராத்திரியில் குறித்து வைக்க வேண்டும். கிராணி செக்ரோல் போடுகிற மாதிரிதான்! ஆனால் இந்தக் கணக்கில் ஆளும் நாமே, கிராணியும் நாமே.

கூலி உயர்வுக்குச் சங்கம் வைத்துப் போராடுகிறோம், அது வேண்டியதே. ஆனால் போராடி வாங்கிய கூலி வீடு வந்து சேருகிறதா, வழியிலேயே போத்தலாகிப் போகிறதா? பிள்ளையின் புத்தகக் காசு எங்கே போச்சு? அந்தச் சண்டையை நமக்காக யாரும் போட முடியாது.

1963 ஜூலை 14இல் சுவாமி சமாதியடைந்தார். பத்துமலையில் அவர் சங்கத்தின் ஆசிரமம் உண்டு. பத்து காஜாவிலிருந்து தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு எட்டு போய் வரலாம். போக முடியாதவர்கள் இன்று ராத்திரியே பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கம் கிழித்துக் கணக்கைத் தொடங்குங்கள்!